பாப்பா அறை விளக்கு

ஏங்க,

சாப்பாடு மூடிவைத்திருக்கிறது, சூடுபண்ணிச் சாப்பிடுங்கள். வனவிலங்கு மன்றத்துப் பிள்ளைகளைக் கூட்டிவரப் போகிறேன். பொழுது சாய்கிற நேரம் வாசலில் நின்று வௌவால் எண்ணுவோம். மாடியில் பாப்பா அறை ஜன்னல் வழியாகத்தான் அவை வெளியே வரும். அதை மூடிவிடாதீர்கள். "பாப்பா ரூம்ல வௌவால் அடையணுமா?" என்று நீங்கள் கேட்டதற்கு நான் வாய்க்கு வந்தபடி பேசியது தப்புதான். ஆனால் அவள் இறந்த பிறகு அந்த அறையில் உயிரென்று இருப்பது அவை மட்டும்தானே.

போன வாரம் ஒன்றுகூட வெளியே வரவில்லை. "ஆன்ட்டி, மேல யாரோ லைட் போட்டுட்டு உக்காந்திருக்காங்க" என்றாள் ஒரு வாண்டு. எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. பல்பு கோளாறு என்று சமாளித்துவிட்டேன். மறுநாள் துவைக்கும்போது உங்கள் சட்டைப் பையில் அந்த அறைச் சாவி! எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று சாதித்த மனுஷன்!

வெள்ளை வெளிச்சத்துக்குத்தான் வௌவால் மிரளும். சிவப்பை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. எங்கள் டார்ச்சுக்கு ஒட்டும் சிவப்புத் தாளை பாப்பாவின் மேஜை விளக்கில் சுற்றியிருக்கிறேன். நிம்மதியாக உட்கார்ந்திருங்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன்.

பிஸ்கட்டைக் காலி பண்ணிவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு வேண்டும்.

பி.கு.: செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது. மேலே லைட் எரிந்த அன்றைக்குப் பஸ் கிடைக்காமல், பிள்ளைகள் எல்லாம் போன பிறகுதானே நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள்?

யாராக இருந்தாலும் இருக்கட்டும். விளக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.