வெண்சாந்துக் குளத்தைக் கீறிய வெண்கலத் தலை

மழை தவறாது பெய்க. மதகுகள் பழுதின்றி நிற்க. நுரையாற்றின் இருகரையையும் ஒரு குடைக்கீழ்க் காப்பவரும், நீர்நாய்க் கொடியை உயர்த்தியவருமான நீரகநாட்டுப் பேரரசி அல்லியங்கோதைத் தேவியார் திருவாய்மொழிந்தபடி, ஓலைநாயகம் மழுவன் சாத்தன் எழுதியது. வெண்பாறைக் கோட்டத்தின் அதிகாரியும், அங்குள்ள வேனில் மாளிகைக்குக் காவலருமாகிய எழுவன் கூத்தனார் கண்டு, நின்றபடியே படித்துக்கொள்வது.

வெண்பாறைக் கோட்டத்து ஏரிகளுக்கும் கழனிகளுக்கும் நலம் உண்டாகுக. அங்குள்ள உழவருக்கும் நெய்வோருக்கும், கன்றுகாலிகளுக்கும், உமது இல்லத்தாருக்கும் நலம் உண்டாகுக. உமக்கு என்ன உண்டாகுக என்று எழுத வேண்டிய இடத்தில் தேவியார் கையை உயர்த்தி எழுத்தாணியை நிறுத்திவிட்டார். அது ஓலையின் முடிவில் வரும் என்றார்.

உமது விண்ணப்ப ஓலை நேற்று அவையில் படிக்கப்பட்டது. தேவியாரின் தங்கையான இளவரசி நறுங்கொன்றையாரின் பாதத்துக்கு உணர்வு திரும்பியது, நீர் தேர்ந்தெடுத்த கருவியின் பயனே என்றும், ஆதலால் உமக்கு நீர்க்காவல் பேரரையன் என்னும் பட்டமும் வெண்சாமரமும் அருள வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். தேவியார் மறுபடியும் படிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும், இந்த மனிதனுக்கு எத்தனை நெஞ்சழுத்தம் என்று சொல்லி அரியணையை விட்டே எழுந்தார். அவர் அவ்வாறு எழுந்து இந்த அவை கண்டதில்லை. நடந்தது நடந்தபடி ஓலையில் ஏறட்டும், பின்னால் வருபவர் எவரும் உமது விண்ணப்பத்தை மட்டும் படித்து ஏமாறிவிடக் கூடாது என்று கட்டளையிட்டார். ஆகவே உமக்குத் தெரிந்ததையே உமக்கு எழுதுகிறோம்.

இளவரசியார் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கிய நாள்முதல் அவருக்கு முழங்காலுக்குக் கீழே உணர்வில்லை. தரையில் நிற்க மாட்டாத அந்தக் கால்கள் மார்பளவு நீரில் நிற்கும் என்று கண்டவர் அரண்மனை வைத்தியர் சாத்தங்கொற்றியார். விடியலில் நீரில் நடந்தால் என்றாவது தரையிலும் நடக்கலாம் என்று அந்த அம்மையார் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்த அரண்மனை இரண்டு வேனில்களைத் தள்ளியது. அதற்காகவே வேனில் மாளிகையின் மேல்தளத்தில் நீச்சற்குளம் கட்டப்பட்டது. அதன் தரைக்குக் கல் பாவவில்லை. சுண்ணத்தையும் கடுக்காய்ச் சாற்றையும் குழைத்து, முட்டை வெண்கருவிட்டு இழைத்த வெண்சாந்து பூசினார்கள். உணர்வில்லாத பாதம் எதில் உரசினாலும் அதற்குடையவருக்குத் தெரியாது என்பதால் அப்படிப் பூசினார்கள். இது உமக்குச் சொல்லப்பட்டது. ஒருமுறை அல்ல.

அக்குளத்தின் அடியில் படியும் வண்டலை எடுக்கும் முறையையும் நீர் அறிவீர். நீண்ட மூங்கிற்கழியின் நுனியில் உறிஞ்சுதலை என்னும் அகன்ற வாயைப் பூட்டி, அதிலிருந்து தோற்குழாயை மதிலுக்கு வெளியே கீழ்த்தோட்டம்வரை இறக்கி, குழாயில் காற்றில்லாதபடி நீர் நிரப்பித் திறந்தால், பள்ளம் நோக்கி ஓடும் நீர் வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். தலை நல்லதாக அமைந்தால் குளத்தை இறைக்காமலே தரை துலங்கும். தலைகள் இரண்டு உமது முன்னிலையில் வைக்கப்பட்டன. ஒன்று, மெல்லிய மரத்தால் முக்கோணமாகச் செய்து, அடியில் பன்றிமயிர்த் தூரிகை வைத்தது. மூலை முடுக்கெல்லாம் நுழையும், சாந்தை வருடிச் செல்லும். மற்றொன்று, கருங்கல் தெப்பக்குளங்களுக்கென்று வார்த்த வெண்கலத் தலை. உருளைகள் பூண்டது, இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் கனம். கண்ணுள்ள எவரும் எதை எடுப்பார் என்று தேவியார் கேட்கிறார். கண்ணில்லாதவரும் தடவிப் பார்த்து மரத்தலையைத்தான் எடுத்திருப்பார் என்று அவரே விடையும் சொன்னார்.

நீர் வெண்கலத்தை எடுத்தீர். காரணமும் காட்டினீர். அரசநீரில் இறங்கும் எப்பொருளும் நீர்நாய் முத்திரை தாங்க வேண்டும் என்பதும், முதலில் நீரைத் தொடும் பக்கத்தில் அம்முத்திரை இருக்க வேண்டும் என்பதும் இந்நாட்டு வழக்கம். மயிர்த்தூரிகையில் முத்திரை நிற்காது; வெண்கலத்தில் நிற்கும். ஆகவே அந்தத் தலையின் அடிப்புறத்தில், தரையோடு தேயும் பக்கத்தில், வாலைச் சுழற்றிப் பல்லைக் காட்டும் நீர்நாயை விரற்கடை உயரத்துக்குப் புடைப்பாக வார்த்து வைத்தீர். பக்தியோடு செய்தேன் என்று எழுதியிருக்கிறீர். குடங்களுக்கும் தோணிகளுக்கும் ஏற்பட்ட வழக்கத்தைத் துடைக்கும் கருவிக்கும் பூட்டுகிறோமே, அது அடியில் என்ன செய்யும் என்று கணப்பொழுது எண்ணிப் பார்க்க உமக்கு மனம் வரவில்லை.

அந்த நீர்நாய் தினமும் குளத்தின் தரையைக் கடித்தது. கீழ்த்தோட்டத்துக் குழாய்வாயில் நீர் பால்போல வெளுத்துக் கொட்டியது. பணியாளர் தயங்கி உம்மிடம் வந்து காட்டினார்கள். நீரோ, இத்தனை அழுக்கு இதுவரை உள்ளே கிடந்ததா, இன்னும் அழுத்தித் தேயுங்கள் என்றீர். அது அழுக்கு அல்ல, ஐயா. அது சாந்து. உமது கண்ணெதிரே குளத்தின் தோல் உரிந்து தோட்டத்து வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. நீர் அதை மெச்சிக்கொண்டு நின்றீர். இவ்வரி எழுதப்படும்போது தேவியார் சாளரத்தருகே போய் முதுகு காட்டி நின்றார். அவர் திரும்பும்வரை எழுத்தாணி ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் இளவரசியார் வழக்கம்போல் குளத்தில் இறங்கினார். கீறல்களின் விளிம்பு உடைந்த ஓடுபோல் நிமிர்ந்திருந்ததை அவர் எப்படி அறிவார்? சிரித்துக்கொண்டே நடந்தார். அன்று ஒருவரையும் பற்றாமல் எதிர்க்கரையைத் தொட்டுத் திரும்பியும் வந்தார். அவரைச் சுற்றி நீர் சிவந்ததைப் படியில் நின்ற தேவியார்தான் முதலில் கண்டார். உடுத்தியிருந்த பட்டோடு நீரில் இறங்கி, தங்கையைத் தம் தோளில் தூக்கி வந்தவர் இந்நாட்டின் பேரரசி என்பதையும் நீர் அறிந்துகொள்ளும்.

சாத்தங்கொற்றியார் காயத்தைக் கழுவி மருந்திட்டபோதுதான் அந்த அதிசயம் நிகழ்ந்தது. அப்போது இளவரசியார் சொன்ன சொல்லை ஓலைநடைக்கு மாற்றாமல் அப்படியே எழுதக் கட்டளை: “அக்கா, எரியுது. அக்கா, எனக்கு எரியுது!” வலியால் அழுதாரா மகிழ்ச்சியால் அழுதாரா என்று எவருக்கும் தெரியவில்லை, அருகிருந்தவர் எல்லோரும் அழுதோம். நீரில் நடந்த இரண்டு வேனில்களின் பயன் இது, உணர்வு சில நாளாகவே உள்ளே ஊறிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று வைத்தியர் தெளிவாகச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். விழித்த நரம்பு மறுபடி உறங்காதிருக்க நடை நிற்கக் கூடாது; ஆனால் அந்தத் தரையில் இனி ஓர் அடியும் வைக்கக் கூடாது. நல்ல செய்தி வந்த நாளிலேயே குளம் மூடப்பட்டது. நடக்கத் துடிக்கும் கால்களோடு அவர் இப்போது கட்டிலில் கிடக்கிறார். அதை நீர்தான் செய்தீர்.

இத்தனைக்குப் பிறகு பட்டம் கேட்கிறீர். அதோடு விட்டீரா? தரை உறுத்துகிறது என்று இளவரசியார் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கருவியை மாற்றியிருப்பேன் என்றும் எழுதினீர். உணர்வற்ற பாதத்தின்மேல் பழி போட உமது கை கூசவில்லை. உம்மைச் சிறையிட வேண்டும் என்று அவையில் பலர் கூறினர். சிறையில் இருந்தால் இவன் குளத்தைச் செப்பனிடுவது எப்படி என்று தேவியார் மறுத்துவிட்டார்.

ஆகவே கட்டளை இது. பட்டமும் இல்லை, சாமரமும் இல்லை. கோட்டத்து அதிகாரம் இன்றோடு நீங்கியது. குளத்தை வடித்து, கீறிய சாந்தை நீக்கிப் புதிதாகப் பூசி இழைக்கும் வேலையில் கொத்தரோடு கொத்தராக நீரும் மண்டியிட வேண்டும். உறிஞ்சுதலையை மறுபடியும் நீரே தேர்ந்தெடுப்பீர். அதற்குத் தேவியார் ஒரு சோதனை வகுத்தார்: எத்தலையைத் தேர்ந்தாலும் அதன் அடிப்புறத்தை உமது கன்னத்தில் வைத்து, ஊரார் காணத் தேய்த்துக் காட்டும். கன்னம் பொறுத்தால் குளத்துக்கு ஆகும். கழி நீளமானதா, குழாய் முறுக்காதபடி கழுத்துச் சுழல்கிறதா, வண்டல் கலங்காமல் மெல்ல நகர்கிறதா என்பதையும் பாரும். முத்திரை வழக்கம் துடைக்கும் கருவிகளுக்கு இன்றுமுதல் இல்லை. நீர்நாய் கொடியில் இருக்கட்டும், தரைக்கு வேண்டாம்.

சாந்து இறுகி நீர் நிறைந்த விடியலில், உமது வெறுங்கால்களால் குளத்தின் ஒவ்வொரு சாணும் நீர் நடந்து முடிக்க வேண்டும். பின்பு படியருகே மார்பளவு நீரில் நிற்பீர். இளவரசியார் இறங்குவார். அவர் சொல்லவில்லை என்றீர் அல்லவா? அந்தப் பாதத்துக்கு இப்போது சொல்லத் தெரியும். அன்று அவர் முகம் ஒருமுறை சுளித்தாலும் தேவியார் அதைக் காண்பார், உம்மையும் காண்பார்.

உமக்கு என்ன உண்டாகுக என்பது இளவரசியாரின் முதல் அடியில் இருக்கிறது. இது தேவியார் ஆணை. அவர் கைப்பட முத்திரையிட்டது.