கழுவெளியில் கேட்ட என் குரல்

திண்டிவனம்
24.6.2025

அன்பு மகள் ஜெசிக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், கடல் தாண்டி அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினம் ஜெபமாலையில் கடைசிப் பத்து மணியை உங்களுக்காகவே சொல்கிறேன். உனக்கு டூட்டி வார்டு மாற்றிவிட்டார்களா, கால் வீக்கம் குறைந்ததா? முகையூர் சித்தி மகளுக்குப் பேசி முடித்தாகிவிட்டது, பையன் பாலிடெக்னிக்கில் வாத்தியார், ஆவணியில் கல்யாணம், உனக்குப் பட்டுப்புடவை எடுக்கட்டுமா என்று சித்தி கேட்கிறாள், நீ வரப்போவதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விழுப்புரத்தில் உன் அண்ணன் ஆன்டனியும் கவிதாவும் சௌக்கியம், அமலி மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள், முன்பல் இரண்டும் விழுந்து பேசினால் பாதி காற்றாகத்தான் வருகிறது.

போன வாரம் நீ கேட்டாய், அப்பா ஏன் இப்போதெல்லாம் எங்கேயும் கிளம்புவதில்லை, ஆம்னி வண்டியை ஏன் ஆன்டனி விழுப்புரத்துக்கே எடுத்துப் போய்விட்டான் என்று. வெயில் என்று சொன்னேன். அது பொய் ஜெசி. அப்பா ஏரிச் சேற்றில் வழுக்கி விழுந்தார் என்று ஆன்டனி உன்னிடம் சொன்னானே, அப்போது அவனுக்கே முழுசாகத் தெரியாது. மீதி எனக்குத்தான் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அப்பா ரிட்டையர் ஆனதில் இருந்து எங்களைப் படுத்திய பாடு உனக்கு முழுசாகத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் கவர்மென்ட் பஸ் ஓட்டிய மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியவில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் இறங்கும்போதே சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்பார். விழுப்புரத்தில் இருந்து அவர்கள் மூன்று பேரும் வந்து இறங்கியதும் வண்டி கிளம்ப வேண்டும். நீ போட்டோவில் பார்த்து ஆசைப்பட்டாயே, உண்மையைச் சொல்கிறேன், அதில் பாதி பேஜாருதான். செஞ்சிக்கோட்டையில் குரங்கு எலுமிச்சை சாதத்தை டப்பாவோடு தூக்கிக்கொண்டு போயிற்று, மரக்காணம் உப்பளத்தில் அமலியின் காலில் புண் இருந்தது தெரியாமல் இறக்கிவிட்டு அவள் அலறிய அலறல் பாண்டிச்சேரி வரை கேட்டிருக்கும். ஆனாலும் திரும்பி வரும்போது எல்லோரும் வண்டியில் தூங்கி விழ, அப்பா மட்டும் தனக்குத் தானே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஓட்டுவாரே, அதைப் பார்க்கவே நான் போய்க்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் ஆரம்பித்தது ஜனவரியில், செஞ்சியில். முட்டி வலி என்று நான் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் அமலியைக் கூட்டிக்கொண்டு ஏறினார். பாதி மலையில் இருந்து மூச்சு வாங்க இறங்கி வந்து, “எதுக்கு மேரி கூப்ட்ட? ஜல்தி வான்னு கத்தறியே, இன்னா ஆச்சு” என்றார். நான் கூப்பிடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அமலியும் “நான் ஒண்ணும் கேக்கல தாத்தா” என்றாள். வெயில், காற்று, எவளோ எவனையோ கூப்பிட்டிருப்பாள் என்று விட்டுவிட்டோம். மார்ச்சில் திருவக்கரை போனோம், கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கிற அந்த இடம். கல்லைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று நான் சலித்துக்கொண்டிருந்தேன், அவர் என் தோளில் கையை ஊன்றிக்கொண்டு செருப்பில் குத்திய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். அப்படியே தலையைத் தூக்கி, எதிர்ப்பக்கம் வேலிக்கு அப்பால் பார்த்து, “தோ வர்றேன் மேரி” என்றார். கை என் தோளில் இருக்கிறது. அங்கே யாரும் இல்லை, பனைமரமும் செம்மண்ணும்தான். என்னைத் திரும்பிப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. நானும் சிரித்து மழுப்பினேன். பஸ் இன்ஜின் சத்தத்தை முப்பது வருஷம் கேட்ட காதுக்கு இதெல்லாம் சகஜம் என்று அவருக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

மே மாதக் கடைசி ஞாயிறு கழுவெளி ஏரிக்குப் போனோம். கிளியனூரில் டீ குடித்துவிட்டு, அவித்த மல்லாட்டை ஒரு பை வாங்கி, கடலைத் தோலை உரித்தபடியே கிழக்கே திரும்பினோம். மழைக்காலத்தில் கடல் மாதிரி கிடக்கும் ஏரி, வெயிலில் உள்ளே சுருங்கி எங்கேயோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, அதுவரைக்கும் வெடித்துப்போன சேற்றுத் தரை. மணி பன்னிரண்டு இருக்கும். ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, கிருஷ்ணவேணி என்று பிறகு பெயர் சொன்னாள், எங்களைப் பார்த்ததும் வந்து, “கொயந்தைய உள்ள வுட்றாதீங்க, மேல காஞ்சாப்ல தெரியும், கீழ எல்லாம் சேறு, மாடே மாட்டிக்கினு செத்துருக்குது” என்று எச்சரித்துவிட்டுப் போனாள். அப்பாவும் அதைக் கேட்டுத் தலையாட்டினார். ஆன்டனியும் கவிதாவும் பறவை பார்க்கிறேன் என்ற அமலியைக் கூட்டிக்கொண்டு கரைமேலேயே வடக்கே நடந்தார்கள். நான் வேலிகாத்தான் முள்மர நிழலில், வண்டிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு, தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். உப்பு பார்க்க ஒரு வாய் போட்டுக்கொண்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் வாய் நிறையச் சோறு இருந்தது ஜெசி, நான் பேசவில்லை, பேசியிருக்கவும் முடியாது.

அப்போது என் குரலையே நான் கேட்டேன். “ஏங்க... இங்க வாங்களேன்... ஏங்க...” என்று ஏரிக்கு உள்ளே இருந்து. நம் குரல் நமக்குத் தெரியாது என்பார்கள், ஆனால் உனக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பியதையெல்லாம் சரியாகப் போயிற்றா என்று நான் திருப்பிப் போட்டுக் கேட்பேன் இல்லையா, அதனால் எனக்கு அது நன்றாகவே தெரியும். அந்தக் குரல்தான். கடைசியில் கொஞ்சம் மூக்கால் இழுப்பேன் என்று நீ கிண்டல் செய்வாயே, அந்த இழுப்புகூட இருந்தது. சாதத்தில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. தலையைத் தூக்கிப் பார்க்கிறேன், அப்பா சேற்றில் நூறடி தூரம் போயிருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவசரம் இல்லாமல், பக்கத்துத் தெருவுக்குப் போவதுபோலப் போகிறார். “வர்றேன், வர்றேன், நில்லு” என்று சொல்லிக்கொண்டே போகிறார்.

சோற்றைத் துப்பிவிட்டுக் கத்தினேன். “ஏங்க, திரும்பி வாங்க, நான் இங்க இருக்கேன்.” நின்றார், திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது. உடனே அந்தப் பக்கத்தில் இருந்தும் கேட்டது, “ஏங்க, நான் இங்க இருக்கேன்.” நான் சொன்னதையே, ஒரு மூச்சு தள்ளி. எதிரொலி என்று நினைக்கிறாயா, நானும் நினைக்கப் பார்த்தேன். ஆனால் மறுபடியும் நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அது முந்திக்கொண்டு கூப்பிட்டது. அவர் என்னைப் பார்க்கிறார், அங்கே பார்க்கிறார், மறுபடி என்னைப் பார்க்கிறார். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. பிறகு அந்தப் பக்கமே நடக்க ஆரம்பித்தார். நாலடி போவதற்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டது.

என் குரலால் அவரை நிறுத்த முடியாது என்று புரிந்துபோயிற்று. கத்தக் கத்த அதற்குத்தான் தீனி. என்ன தோன்றியதோ, சாதத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அந்த எவர்சில்வர் தூக்கால் வண்டியின் தகரத்தில் ஓங்கி அடித்தேன். டம் டம் டம் என்று அடித்தேன். பஸ்ஸில் யாராவது பக்கத்துத் தகரத்தைத் தட்டினால் டிரைவர் நிறுத்தியே ஆக வேண்டும், கண்டக்டர் தட்டினாலும் சரி, பாசஞ்சர் தட்டினாலும் சரி. அப்பா அந்த இடத்திலேயே நின்றார். வலது கால் தானாகப் பிரேக்கை மிதிப்பதுபோல அழுந்தியதை நான் கண்ணால் பார்த்தேன். நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தேன், என் காதில் அந்தத் தகரச் சத்தம் மட்டும்தான், அதைக் கேட்டு ஆன்டனி ஓடி வந்தான், கிருஷ்ணவேணி ஆட்டுக்கயிற்றோடு வந்தாள். கரையில் கிடந்த பனைமட்டைகளை வரிசையாகப் போட்டு ஆன்டனி வயிற்றால் ஊர்ந்து போய்க் கயிற்றை மாட்டினான். அதற்குள் தொடை வரை போய்விட்டது. இழுக்கும்போது அப்பா ஒத்துழைக்கவில்லை, ஆன்டனியை உதறித் தள்ளிவிட்டுக் கிழக்கே கடல் பக்கமாகக் கையை நீட்டி நீட்டித் திமிறினார். அதைப் பார்த்துத்தான் ஆன்டனி அப்பாவுக்கு மூளை பிசகிவிட்டது என்று முடிவுகட்டினான்.

கரைக்கு வந்து அவரைப் படுக்கவைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது, கிருஷ்ணவேணி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சாதாரணமாகக் கேட்டாள். “யக்கா, நீ இங்கதான் வண்டிகிட்ட நிக்கற. அப்ப உள்ள இருந்து கூப்ட்டுக்கினு இருந்தது யாரு, ஒன் தங்கச்சியா? ஒன் கொரலு மாரியே கீது. அவளயும் கூட்டிக்கினு போங்க.” நான் அப்பா முகத்தைத் துடைக்கக் குனிந்துகொண்டேன். ஆன்டனி தூரத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான், அவன் காதில் விழவில்லை.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் எனக்கு நெஞ்சில் அறுக்கிறது. நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் ஆன்டனி முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான், ஸ்கேன் எடுத்தார்கள், டாக்டர் தம்பி தன்மையாகத்தான் பேசினார், படத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, வயசில் சிலருக்கு இப்படி மறதியும் குழப்பமும் ஆரம்பிக்கும், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். “யாராச்சும் கூப்பிடற மாதிரி கேக்குதாங்க” என்று அவர் கேட்டபோது அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். எனக்கும் கேட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயம். ஆன்டனி சாவியை வாங்கிக்கொண்டான். அப்பா சட்டைப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரம் அவர் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தார், கவிதா வரும்போதெல்லாம் அவரிடம் சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோலச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தாள். அவரும் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு ஆக்சிடென்ட் இல்லாத மனுஷன்.

போன வியாழக்கிழமை காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தவர் கண்ணாடியைப் பார்த்தபடியே, “மேரி, நான் முத்திப் போயிட்டா என்ன எங்கியாச்சும் ஹோமுல சேத்துடு, ஜெசிக்குச் சொல்லாத” என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கிட்டப் போய் நின்று, “எனக்கும் கேட்டுது. என் கொரல்தான். அந்த ஆட்டுக்காரிக்கும் கேட்டுது” என்றேன். அவர் ரேசரைக் கீழே வைத்தார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு என் பக்கம் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். “அப்ப நான் நல்லாத்தான் இருக்கேனா” என்று கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். மூன்று வாரம் அவரைத் தனியாக விட்டதற்கு அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன், “போடி” என்று கையைத் தட்டிவிட்டார். ஆன்டனிக்கும் போன் போட்டு உடனே சொல்லிவிட்டேன், அவன் நம்பினானா தெரியாது, ஆனால் ஞாயிறன்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திச் சாவியை அப்பா கையில் கொடுத்தான்.

அன்றைக்கு அழுது முடித்தபிறகு அப்பா இன்னொன்று சொன்னார். உன்னிடம் மறைக்கக் கூடாது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம், பயப்படாமல் படி. “நீ தகரத்துல அடிச்சியே, நான் நின்னதும் அது என்ன வுட்டுட்டுது மேரி. அப்புறம் என்னக் கூப்டவே இல்ல. ஜெசி, ஜெசின்னு கூப்ட ஆரம்பிச்சுது. அப்டியே கூப்ட்டுக்கினே தள்ளித் தள்ளிப் போச்சு, கடல் பக்கமா. அத்தப் புடிச்சு நிறுத்தலாம்னுதான் நான் திமிறினேன், நீங்க இழுத்துட்டீங்க.”

ஃபாதரிடம் சொல்லி உன் பெயரில் பூசை வைத்திருக்கிறேன். அது என்ன என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, தெரிந்ததுபோலப் பேசுகிறவர்களிடம் நான் போகவும் மாட்டேன். வீட்டில் நாங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம். நான் அப்பாவைக் கூப்பிடுவதே இல்லை. சாப்பாடு ஆனாலும், போன் வந்தாலும், எழுந்து பக்கத்தில் போய்த் தோளைத் தொடுகிறேன். தொட்டால் மட்டும் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நீயும், வேலை முடிந்து வரும் வழியிலோ, துணி காயப்போடும் இடத்திலோ, அம்மா கூப்பிடுவது கேட்டால் திரும்பாதே, பதில் சொல்லாதே, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார். இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் வருவதும் என் குரல்தானே. அதனால்தான் லீவுக்கு வந்து அடுத்த வாரம் அங்கே திரும்பும் தேவசகாயம் சாரிடம் இந்தக் கடிதத்தைப் பருப்புப்பொடியோடு கொடுத்தனுப்புகிறேன். என் எழுத்து உனக்குத் தெரியும். அத்தனை தூரத்துக்கு என் கை எட்டாது மகளே, உன் தோளைத் தொடுவதாக நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதியிருக்கிறேன்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் தன் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக. இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. கடிதம் கிடைத்ததும் பேச வேண்டாம், கிடைத்தது என்று உன் கையால் ஒரு வரி எழுதி, அதைப் போட்டோ எடுத்து அனுப்பு.

உன் அம்மா,
சூசை மேரி