பூஜைக்கு வைக்கப்பட்ட ஆன்டிபாடி குப்பி

அனுப்புநர்:
சி. வெங்கிடேஷ்,
இளநிலை ஆய்வாளர், செல் உயிரியல் பிரிவு,
(வீடு: வலியசாலை)

பெறுநர்:
திரு. வெங்கடசுப்ரமணியன் அவர்கள்,
நிர்வாக அலுவலர்,
அகமலை உயிரியல் ஆய்வு நிலையம், திருவனந்தபுரம்.

பொருள்: ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் பூஜைக்கு வைக்கப்பட்ட ஆன்டிபாடிக்கு மாற்று கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே விஷயமாக ஆங்கிலத்தில் நான் கொடுத்த மனு, 'ஸ்டோர் கவனிக்க' என்ற குறிப்போடு, யார் மேல் புகார் சொன்னேனோ அவரிடமே போய்ச் சேர்ந்தது. தமிழில் எழுதினால் தாங்களே படிப்பீர்கள் என்று ஆபீஸில் சொன்னதால் இம்மனு.

2. வித்துரா பக்கத்துச் செடி ஒன்றின் சாறு, புற்றுநோய் செல்கள் பிளந்து பெருகுவதை நிறுத்துகிறதா என்பது என் ஆய்வு. செல்லுக்குப் பிளக்க உத்தரவு கொடுப்பது சிடிசி-2 என்ற கைனேஸ் புரதம். அதை மட்டும் பிடித்து, ஃபிலிமில் கறுப்புக் கோடாகக் காட்டுவது இந்த ஆன்டிபாடி. வெளிநாட்டிலிருந்து வர நான்கு மாதம் ஆயிற்று. வந்தது ஒரே குப்பி. குளிர்ச்சி விட்டால் கெடும் என்று பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறது.

3. விஜயதசமிக்கு இரண்டு நாள் முன்பு, கருவிகளையும் புத்தகங்களையும் சரஸ்வதி முன் வைக்கும் பூஜை வைப்பன்று, நண்பகலில் பெட்டி வந்தது. நான் செடி பறிக்க வித்துரா போயிருந்தேன். ஸ்டோர் பொறுப்பாளர் திரு. ராஜமணி, நிலையத்துக்குப் புதிதாக வந்த பொருள் என்று குப்பியை வெளியே எடுத்து, மைக்ராஸ்கோப்புகளோடு சரஸ்வதி படத்தின் முன் வைத்துவிட்டார். விஜயதசமி காலை நான் பார்த்தபோது மூடியில் சந்தனம். கேட்டதற்கு, "பெட்டியோட வெச்சா சாமி எப்படித் தம்பி பார்க்கும்? பூஜை எடுக்காம நடுவுல தொடவும் கூடாதுல்லா?" என்றார். பூஜையை நான் குறை சொல்லவில்லை. என் நோட்டும் அங்கேதான் இருந்தது.

4. குழப்பம் இனிமேல்தான். குப்பி முழுக்கக் கெட்டிருந்தால் கோடே வந்திருக்காது. புகாரும் எளிதாக இருந்திருக்கும். சாறு ஊற்றாத செல்களில் கோடு வந்தது, ஆனால் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. சாறு ஊற்றியவற்றில் கோடு இல்லை. நான் எதிர்பார்த்ததும் அதுவே. ஆனால் சாறு புரதத்தை ஒழித்துவிட்டதா, அல்லது கொஞ்சம் குறைந்த புரதத்தைக்கூடக் காட்ட இந்த ஆன்டிபாடிக்குத் தெம்பில்லையா? மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அப்படியே. எனக்குத் தெரியவில்லை.

5. வேறு குப்பியில் பார்க்காமல் இந்த முடிவை எழுதக் கூடாது என்கிறார் என் வழிகாட்டி டாக்டர் சுப்ரியா. திரு. ராஜமணியோ, "நெனச்ச ரிசல்ட் வந்தாச்சு இல்லியா? பின்னே எந்தினு பராதி?" என்று, புகார் எதற்கு என்பதுபோல் சிரிக்கிறார். பதிவேட்டில் 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று எழுதியிருப்பதால் மாற்றுக்கு வழியில்லையாம். நல்ல நிலையில் பெறப்பட்டது உண்மைதான். அதை எப்படி மறுப்பது?

6. டிசம்பர் 20 அன்று ஆய்வுக்குழு கூடுகிறது. நம்பக்கூடிய படம் இல்லையென்றால் என் பெலோஷிப் அன்றோடு முடியும். சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இதே ஆன்டிபாடி இருக்கிறது. தங்கள் கடிதம் இருந்தால் சில துளிகள் தருவார்கள்.

ஆகவே அக்கடிதத்தை இந்த வாரமே அளிக்கும்படியும், குப்பி எத்தனை மணி நேரம் ஐஸுக்கு வெளியே இருந்தது என்று ஸ்டோரிடம் எழுதி வாங்கித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் இயலாதெனில், அந்த ஃபிலிமில் தெரிவது என்னவென்று குழு கேட்கும்போது நான் சொல்ல வேண்டிய பதிலையாவது எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
சி. வெங்கிடேஷ்

இடம்: திருவனந்தபுரம்
நாள்: 18.11.2002