ஸ்டிக்கர் கிழியாத ஷூ

செவ்வாய், ஆடி 14. விடாத மழை.

இன்றிலிருந்து என் மகன் செந்தில் அவன் அப்பாவின் இடத்தில் மூட்டை தூக்குகிறான். கணுக்கால் வரை இறுக்கிப் பிடிக்கிற புது ஷூ பிராட்வே கடைத்தெருவில் வாங்கி, பையில் வைத்துக் கொடுத்தேன். நான் பின்கட்டில் மிளகு புடைக்கிற அதே குடோனில்தான் அவனுக்கும் வேலை; அங்கே எல்லோரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள்.

கூட மூட்டை தூக்குகிற பாபுச் சேட்டன் சிரித்தார். "மிளக ஷூ போட்டு மிதிக்கவா சேச்சி? கொள்ளாமே, நல்லா இருக்கே!"

"போட்டுக்கிறேம்மா, நீ போ" என்றான் செந்தில்.

சாயங்காலம் கேட்டேன். "நாள் முழுக்கப் போட்டிருந்தேம்மா" என்றான். அவன் தூங்கியதும் எடுத்துப் பார்த்தேன். அடியில் ஒட்டிய ஸ்டிக்கர் கூடக் கிழியவில்லை.

அவன் அப்பாவும் போன வருஷம் ஷூ போட்டுக்கொண்டுதான் வந்தார். வாசலில் மறித்தது நான். "லட்சுமிய மிதிக்காதீங்க" என்றேன். அங்கேயே கழற்றினார். லாரியில் ஏறப் போட்ட பலகை மழையில் நனைந்திருந்தது. வெறுங்கால் வழுக்கி, கணுக்கால் மடங்கி விழுந்தார். மூட்டை நெஞ்சின் மேல் விழுந்தது. அங்கேயே உயிர் போய்விட்டது.

கழற்றச் சொன்னது நான் என்று செந்திலுக்குத் தெரியாது. காலையில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஷூ போடுவான். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்ப்பானோ என்னவோ.