நானூற்றுப் பன்னிரண்டு தக்கைகள்

நாள் 190. 09.15. வெளியே மைனஸ் 179. உள்ளே 6.
இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானுக்கு: நான் இசக்கிராஜா, சனியைச் சுற்றும் டைட்டன் நிலாவின் வெப்பக்காப்பு மேஸ்திரி. இங்கே இரண்டே இரும்புச் சட்ட வீடுகள், இரண்டே ஆட்கள். ஆகவே மேஸ்திரிகளில் நானே சக்கரவர்த்தி. அடுத்த வீட்டில் பொறியாளர் தளவாய், என் சகலை. அக்காவை அவன் கட்டினான், தங்கையை நான்.
சுவரில் அடைத்த பஞ்சைச் சூடு தாண்டாது. ஆனால் இரும்புத் தூண் வழியே மாப்பிள்ளை ஊர்வலம்போல் வெளியேறிவிடும். அதைத் தடுக்கத்தான் தூணுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே தக்கை. இன்று சுவரைப் பிரித்தேன். நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை.

நாள் 191. 10.40. வானொலியில் தளவாய்.
"ஆமாவே, சுவரை மூடுறதுக்கு முந்தி நாந்தான் எடுத்தேன். என் சுவர்ல ரெட்டை வரிசையா வெச்சிருக்கேன்."
"எனக்கு ஆறு டிகிரிவே!"
"தூண்ல போயி அளந்தா அப்படித்தான் காட்டும். பஞ்சு மேல வெச்சுப் பாரும், இருபது காட்டும்."
அந்த இருபதைத்தான் பூமிக்கு அறிக்கையாக அனுப்பியிருக்கிறான். போன வாரம் தூணில் ஒட்டி உறைந்துபோன என் இடக்கால் சுண்டுவிரலை நானே வெட்டினேன். பத்துப் பட்டாளத்துக்குச் சமமான விரல் அது. போர் தொடங்கியது.

நாள் 192. 14.00.
அவன் மீத்தேன் ஏரியை அளக்கப் போன நேரத்தில், அவன் வீட்டின் எட்டுக் கால்களுக்கு அடியிலும் இருந்த காப்புத் தகடுகளை உருவி, இரும்புக் கட்டிகளைச் சொருகினேன். இனி அவன் தரை ஐஸ் பெட்டி. அவன் விரல்களுக்கு என் ஆழ்ந்த இரங்கல்.

நாள் 204. 11.30.
இங்கே தரையே பனிக்கட்டி. கால் வழியே இறங்கும் சூட்டில் அது உருகி, வீடு புதைகிறது. இதை நான் யோசிக்கவில்லை. யோசித்ததாகவே வரலாறு எழுதிக்கொள்ளட்டும்.
"சகலை, வீடு ஒரு முழம் எறங்கிட்டுவே!"
"பெரிய மனுசன் குடியிருக்க வீடுல்லா, பாரம் இருக்கத்தான் செய்யும்."

நாள் 219. 11.05.
அவன் வீடு ஒரே மூச்சில் கூரைவரை இறங்கிவிட்டது. உருகிய நீர் கதவின்மேல் உறைந்து பாறையாகிவிட்டது. வெளித் தொட்டியிலிருந்து காற்று வரும் வழி அடைபட்டது. உள்ளே பத்து மணி நேரக் காற்று இருக்கிறதாம்.
"சூடுகாற்றுக் குழாயைக் கொண்டாரும்வே!"
"அது வெடிச்சுப் போச்சு சகலை."
பொய். குழாய் என் வீட்டுத் தூணில் முழுசாகத் தொங்குகிறது.
"அப்ப நான் எப்படிவே வெளிய வர?"
"உம்ம சுவர்ல சூடு வெளிய போனாத்தானவே பனி உருகும்? ரெட்டை வரிசைலா வெச்சிருக்கீரு! என் தக்கையை ஒண்ணொண்ணாப் பிடுங்கும். சத்தமா எண்ணும்."

12.20. நாற்பத்தொன்று. என்னைத் திட்டுகிறான். தேனாக இருக்கிறது.

14.10. நூற்றெண்பது. திட்டுவதில்லை. "சகலை, ஒம்ம வெரலுக்கு மன்னிச்சுக்கிடும்" என்றான். அடுத்த எண்ணைக் கேட்டேன்.
நானூற்றுப் பன்னிரண்டு வந்ததும் குழாயோடு போவேன். சத்தியம்.

15.50. முந்நூற்றாறு. அப்புறம் ஒன்றும் இல்லை. மூச்சு வாங்க உழைத்தால் காற்று இரட்டிப்பாகச் செலவாகும். பத்து மணி நேரம் என்பது சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு. மேஸ்திரிச் சக்கரவர்த்திக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா.

15.54. குழாயைத் தூணிலிருந்து எடுத்தேன். தக்கையில்லாத அந்தத் தூணின் குளிரில் ரப்பர் கண்ணாடியாகியிருந்தது. அப்பளமாக நொறுங்கியது. கையில் பிடிதான் மிச்சம்.

16.31. கடப்பாரை. ஒரு சாண்தான் போயிருக்கிறது. அவன் கதவுக்கு இன்னும் ஏழடி. கீழே இரும்பில் தட்டும் சத்தம். அவன்தான். தக்கை பிடுங்குகிறான். எண்ணத்தான் மூச்சில்லை.
போதும் சகலை, பிடுங்காதீரும், உட்காரும், வானொலி கேட்கிறதா, எனக்கு ஒரு தக்கையும் வேண்டாம்

17.02. தட்டுகிறா

17.40. சத்தம் இல்லை. இரண்டடி போயிருக்கிறது. வெட்டுகி