மூன்று கிலோ பொய்

கோம்பிதா,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

மகள் யூலியெத்துக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் ஆடுகளும் சுகம். மழை போதுமான அளவு பெய்திருக்கிறது, மேல்காட்டில் உருளைக்கிழங்கு பூத்துவிட்டது. நீ சுகமா என்று வழக்கம்போலக் கேட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. கேட்டால் 'நல்லா இருக்கேம்மா' என்பாய், விழாமல் கொள்ளாமல் கால் எலும்பு கீறிப்போய்க் கட்டுப் போட்டுக் கிடந்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னாய். இதையெல்லாம் போனிலேயே பேசலாம், ஆனால் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், உன் ஜிரோனாவில் உடனே சிக்னல் போய்விடும். காகிதத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. பக்கத்து வீட்டு ஹெர்மெலிண்டாவின் மகன் வில்மர் புதன்கிழமை அங்கே திரும்புகிறான் இல்லையா, அவனிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்துவிடுகிறேன். நீ கடிதத்தைக் கடைசிவரை படித்த பிறகுதான் பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், அவனைக் கெஞ்சிப் பிரயோசனமில்லை.

பொட்டலத்தில் எடை மெஷின் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீ போனில் கேட்டதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. தூரதேசத்தில் காலில் கட்டோடு உட்கார்ந்திருக்கிற பெண் அம்மாவிடம் என்ன கேட்பாள்? பாலாடைக்கட்டி கேட்பாள், வெல்லம் கேட்பாள், கொய்யாப்பழ மிட்டாய் கேட்பாள். நீ கேட்டது குளியலறையில் கிடக்கிற எடை மெஷின். 'இங்க இருக்கிறது எல்லாமே கூடக்கூடக் காட்டுதும்மா, நம்ம வீட்டு மெஷின்தான் கரெக்ட்டா காட்டும், அத வில்மர்கிட்ட குடுத்துவிடு, சைக்கிள் ஓட்டாம சும்மா உக்காந்திருக்கேன், ஊதிப்போயிருவேனோன்னு பயமா இருக்கு' என்றாய். ஊதிப்போய்விடுவாயாம். டிசம்பரில் வந்தபோது உன்னைக் கட்டிப்பிடித்தேனே, கையில் எலும்புதான் தட்டுப்பட்டது, அந்த உடம்பா ஊதப்போகிறது? ஆனாலும் நோயாளி கேட்கிறாளே என்று உன் அப்பா உடனே மெஷினை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நீ பதினைந்து வயதில் முதன்முதலாகச் சைக்கிள் பந்தயம் ஜெயித்தபோது கிழங்கு வியாபாரி பரிசாகக் கொடுத்தது அல்லவா, உன் அப்பாவுக்கு அது மாதா சொரூபத்துக்கு அடுத்தபடி.

அனுப்புவதற்கு முன்னால் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார். அன்று காலையில்தான் குடோனில் எடை போட்டுத் தைத்துக் கொண்டுவந்த விதைக்கிழங்கு மூட்டை முற்றத்தில் கிடந்தது, ஐம்பது கிலோ. தூக்கி மெஷின்மேல் நிறுத்தினார். நாற்பத்தேழு என்று காட்டியது. உன் அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. 'மூணு கிலோவ ஆட்டையப் போட்டுட்டானுங்க, திருட்டுப் பசங்க, என் மக மெஷின் பொய் சொல்லாது' என்று மூட்டையைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு குடோனுக்கே திரும்பப் போய், பத்துப் பேர் கூடி நிற்க நியாயம் கேட்டிருக்கிறார். அவர்களும் அவர் கண்முன்னாலேயே பெரிய தராசில் தூக்கி வைத்தார்கள். ஐம்பது. இன்னொரு தராசில் வைத்தார்கள். அதிலும் ஐம்பது. 'அனிபாலு, வீட்ல வச்சிருக்கிறது தராசா, இல்ல முகம் பாக்குற கண்ணாடியா, நம்ம மனசு போல காட்டுது' என்று சிரித்திருக்கிறார்கள். திரும்பி வந்து தொப்பியை முழங்கால்மேல் கவிழ்த்துவைத்துக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுப்பில் வெல்லத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, அதைக் கிளறிக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது, கரண்டியை அப்படியே போட்டுவிட்டேன்.

உனக்கு உறைக்கிறதா யூலியெத்? நீ சிலுவை மேட்டு ஏற்றப் பந்தயத்தில் பெண்களில் முதலாவதாகவும் பாதி ஆண்பிள்ளைகளைப் பின்னால் விட்டும் வந்தாயே, அன்று காலையில் இந்த மெஷின் நாற்பத்தொன்பது காட்டியது. உன் அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றைக்கு நீ ஐம்பத்திரண்டு கிலோ. அந்த உடம்பைப் பார்த்துத்தான் ஜிரோனாக்காரர்கள் உன்னை அணியில் எடுத்தார்கள். அங்கே போன முதல் வாரத்திலேயே போனில் அழுதாய், 'பிளேன்ல உக்காந்தே மூணு கிலோ ஏறிட்டேம்மா' என்று. ஏறவே இல்லை. நீ போனபடியே இருந்தாய், அங்கிருந்த மெஷின் உண்மையைச் சொன்னது, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் நீ ரொட்டியை நிறுத்தினாய், அப்புறம் கிழங்கை நிறுத்தினாய், பிறகு இரவுச் சாப்பாட்டையே நிறுத்தினாய், நாற்பத்தொன்பதைத் தொட்டபோது படம் எடுத்து அனுப்பினாய், அதோடும் நிற்காமல் நாற்பத்தாறுக்கு இறங்கினாய். இரண்டு வருடமாக நீ துரத்திக்கொண்டு ஓடுகிற அந்த எடையில், ஜெயித்த காலத்தில் நீ ஒரு நாளும் இருந்ததே இல்லை மகளே. கிழங்கு வியாபாரி இலவசமாகக் கொடுத்த ஒரு ஓட்டை மெஷினின் பேச்சைக் கேட்டு எலும்பு கீறும்வரை பட்டினி கிடந்திருக்கிறாய்.

அந்த மெஷின் சரியாகக் காட்டியிருந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது என்றும் கேட்கிறேன். எங்கள் சந்தையில் உருளைக்கிழங்கைக்கூட எடையை மட்டும் பார்த்து யாரும் வாங்குவதில்லை, மூட்டைக்குள் கையைவிட்டு ஒன்றை எடுத்து வெட்டி, உள்ளே மாவா தண்ணீரா என்று பார்த்துத்தான் வாங்குகிறார்கள். உங்கள் அணி இயக்குநர் தினமும் விடிந்ததும் பெண்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்த்து, கூடினவளை எல்லோர் முன்னாலும் 'இன்னிக்கு இவ மலைய இழுத்துட்டு ஏறப்போறா' என்று சொல்கிறாராமே, அந்த மனிதனுக்குக் கிழங்கு வியாபாரிக்குத் தெரிந்தது கூடத் தெரியவில்லை. உனக்கு இங்கே கிளப்பில் பயிற்சி கொடுத்த நெல்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். அவளும் பந்தயம் ஓட்டினவள்தானே, அவளுக்கு என்னைவிடக் கோபம். 'மெஷினுக்கு கொழுப்புன்னும் தெரியாது சதைன்னும் தெரியாது, நேத்து ராத்திரி குடிச்ச சூப்புன்னும் தெரியாது. அவ பதினேழு வயசுல தொடைச் சதைய ஏத்தினா, எடை ஏறிச்சு, இடுப்பு எறங்கிச்சு, மலையில பறந்தா. அப்ப நான் அவளுக்கு மெஷினையே காட்டல' என்றாள். கொழுப்பு எவ்வளவு என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால் சதையைக் கிள்ளி அளக்கிற இடுக்கி இருக்கிறதாம், அதையும் பழகின ஒரே ஆள், அதே இடத்தில், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதுமாம், ஆளுக்கு ஆள் மாறினால் அதுவும் பொய் சொல்லுமாம். மற்றபடி போட்ட சட்டை எப்படி இருக்கிறது, இஞ்சு டேப்பில் இடுப்பு எவ்வளவு தொடை எவ்வளவு, மாதத்துக்கு ஒரு போட்டோ அதே கதவோரம் அதே வெளிச்சத்தில், காலையில் எழுந்ததும் நாடி நிதானமாக அடிக்கிறதா, ஏற்றத்தில் பேச்சு வருகிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா, இதெல்லாம்தான் கணக்கு என்றாள். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, மாதவிலக்கு சரியாக வருகிறதா என்று கேட்டாள். டிசம்பரில் நீ 'அது நின்னு ரொம்ப நாளாச்சும்மா, நல்லதுதான, தொல்லை விட்டுது' என்று சிரித்துக்கொண்டே சொன்னதை அவளிடம் சொன்னேன். நெல்சி மேசையில் ஓங்கி அடித்தாள், கோப்பை உருண்டது. அதுதான் முதல் எச்சரிக்கை மணியாம் மகளே, எலும்பு அதற்கு அடுத்த மணியாம்.

டிசம்பரில் இந்த வீட்டில் எல்லோருக்கும் கண் இருந்தது, பார்த்ததுதான் யாருமில்லை. நான் உனக்குப் பின்னின சிவப்புக் கம்பளிக் காலுறை தொடையில் நிற்காமல் கணுக்காலுக்கு வழுக்கி வழுக்கி இறங்கியது. உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா, 'ஆட்டுக்கு வயசாயிருச்சு, கம்பளியில பிடிப்பு இல்ல' என்று அந்தப் பாவப்பட்ட ஆட்டை விற்கப்போனார். சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வந்தது, தண்ணீர் மாறினதால் என்றாய். நம் வெயிலில் இரண்டு கம்பளிப் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சிலுவை மேட்டில் கிளப்புச் சிறுமிகள் உன்னைத் தாண்டிப் போனார்கள், பாதியில் இறங்கி நின்றுகொண்டு எதிர்காற்று என்றாய், அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை. ஹெர்மெலிண்டா வேறு வாசலில் நின்று 'இப்பத்தான் மலையேறுறவ உடம்பு வந்திருக்கு, என்ன ஒடிசல், என்ன அழகு' என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். போன வாரம் அவளிடம் சண்டை போட்டுவிட்டேன். பிள்ளை காய்ந்து கருவாடாகிறது, அதைப் பார்த்து மெச்சுகிற வாயை முதலில் தைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் உனக்கென்று பாலாடைக்கட்டி கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன், வில்மருக்குக் கொடுத்துத் தீர்க்காமல் நீயே தின்ன வேண்டும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். கட்டுப் போட்ட அதே டாக்டரிடம் திரும்பப் போய், நீ சாப்பிடாதது, மாதவிலக்கு நின்றது, முடி கொட்டினது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லு. வெட்கப்பட்டால் வில்மரை விட்டுச் சொல்லச் சொல்வேன், அவன் இன்னும் வெட்கப்படுவான். காலையில் பாலும் முட்டையும் போட்ட சூப்பு வைத்துக் குடி, உனக்குத் தெரியாததா. இயக்குநர் மறுபடியும் வரிசையில் நிற்கச் சொன்னால், டாக்டர் வேண்டாமென்றார் என்று சொல்லு. கேட்கவில்லையென்றால் சைக்கிளை அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வா. பந்தயம் இல்லாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே, ஊர் எலும்பு கொடுக்குமா? உன் கட்டிலை நான் எடுக்கவில்லை. உன் அப்பா ஆட்டையும் விற்கவில்லை. இவ்வளவு திட்டுகிறேனே, உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது, பயம் வந்தால் எனக்கு இப்படித்தான் வாய் நீளுகிறது.

மெஷின் இப்போது ஆட்டுப்பட்டிக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. கிழட்டு ஆடு அதன்மேல் ஏறி நிற்கிறது, எவ்வளவு காட்டுகிறதென்று நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பொட்டலத்தின் அடியில் ஒரு சிவப்புக் கம்பளி நூல் வைத்திருக்கிறேன், ஒரு முனையில் முடிச்சு இருக்கும். சிலுவை மேட்டில் ஜெயித்த மாதம் காலுறை பின்னுவதற்காக உன் தொடையைச் சுற்றி அளவெடுத்த நூல் அது, அன்றைக்கு முனையும் முனையும் சரியாகத் தொட்டன, தூக்கிப் போட மனசில்லாமல் தையல் டப்பாவில் வைத்திருந்தேன். கட்டுப் போடாத காலில், தொடை நன்றாகத் தடித்த இடத்தில் சுற்றிப் பார். இப்போது நாலு விரல் மிஞ்சும். மிஞ்சுவதைப் பார்த்து அழு, பரவாயில்லை, அழுதுவிட்டுச் சாப்பிடு. அதையும் தினமும் சுற்றிப் பார்த்துக்கொண்டு உட்காராதே, மாதத்துக்கு ஒருமுறை போதும், அவசரமில்லை, எலும்பு கூடட்டும், டாக்டர் சொன்ன பிறகு மெதுவாக மிதி.

சிக்கின்கிரா மாதா உன் எலும்பையும் உன் புத்தியையும் சேர்த்தே காப்பாற்றட்டும். அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது, அவர் எழுத வெட்கப்பட்டுக்கொண்டு பட்டிக்குப் போய்விட்டார். எடை எவ்வளவு என்று இனி ஒருநாளும் எனக்குச் சொல்லாதே, நானும் கேட்க மாட்டேன். தொடை தேறி, முனையும் முனையும் தொடாமல் இந்த நூல் உனக்குப் பற்றாமல் போகிற நாளில் போன் செய், எத்தனை மணியானாலும் எடுப்பேன், அன்றைக்குத்தான் உன்னிடம் சுகமா என்று கேட்பேன்.

கோபம் இன்னும் தீராத உன் அம்மா,
பிரிசெய்தா