துண்டுப்பிரசுரத்தின் கடைசி வரி

1998 ஓகஸ்ட் 12, புதன். வெள்ளவத்தை, கொழும்பு.

இன்று கொட்டாஞ்சேனையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் எங்கள் நிறுவனத்தின் போதைப்பொருள் தடுப்புத் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்துக் கருத்துக் கேட்டேன். சிங்களத்திலிருந்து தமிழாக்கியது நான்தான்.

"மிஸ், படத்தில இருக்கிற குடுக்காரர் எங்கட கணக்கு சேர் மாதிரி" என்றாள் ஒருத்தி, ஹெரோயின் பாவிப்பவரின் படத்தைக் காட்டி. வகுப்பே சிரித்தது.

மணி அடித்த பிறகு ஒரு பிள்ளை மட்டும் நின்றாள். கடைசி வரியில் விரலை வைத்தாள். போதைப்பொருள் பாவிப்பவரைத் தெரிந்தால் பொலிஸ் நிலையத்தில் அறிவிக்கச் சொல்லும் வரி.

"எங்கட அண்ணா குடு அடிக்கிறவர், மிஸ். ஐடென்டிட்டி கார்ட்டில யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. பொலிசில குடுவைப் பற்றியே கேப்பாங்கள்? புலியோ எண்டெல்லோ கேப்பாங்கள்."

நான் அந்த வரியை மறுபடி படித்தேன்.

"அப்ப ஆரிட்டச் சொல்லுறது?"

 கையிலிருந்த பிரதியை அம்மாவுக்குக் காட்டப்போவதாகச் சொன்னாள். அச்சில் வந்ததை அம்மா அப்படியே நம்பிவிடுவாவாம். அதை வாங்கி, அந்த வரியைப் பேனையால் அழுத்தி வெட்டிவிட்டுக் கொடுத்தேன்.

சோதனைச் சாவடிக்குப் பயந்து, பால் வாங்கப் போனாலும் அடையாள அட்டையோடு போகிறவள் நான். அந்த வரியைத் தமிழில் எழுதும்போது என் கை ஒரு கணமும் தயங்கவில்லை.

மற்ற முப்பது பிள்ளைகளும் அந்த வரியோடுதான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.